வாய்க்கால் எங்கே போகும் என்று கேட்டோம்

கழனியில் மனைப்பிரிவு வரப்போகிறது என்ற விஷயம் கடைசியாகத் தெரியவருவது பெரும்பாலும் ஊர்க்காரர்களுக்குத்தான். அதற்குள் கிரயம் முடிந்திருக்கும், பவர் எழுதியாகியிருக்கும், கருவி வைத்து அளந்தும் போயிருப்பார்கள். பெயின்ட் அடித்த கல் வரிசையாக நிற்கும்போதுதான் ஊரில் பேச்சே கிளம்பும். எங்கள் ஊரில் கொஞ்சம் முன்னதாகவே தெரிந்துவிட்டது. முக்காலிக் கருவியோடு வரப்பில் நின்ற பையன்களிடம், மாடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியம்மா "என்னப்பா அளக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "ரோடு எங்க வரும்னு பாக்கிறோம்மா" என்று அவர்களும் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். கல் நடுவதற்கு முன்னால் எங்களுக்குச் சில மாதம் கிடைத்தது அந்தப் பெரியம்மாவால்தான்.

எங்களுடையது தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் இருக்கும் ஏரிப் பாசன ஊர். லேஅவுட் போட நினைத்த இடம் ஏரிக்குக் கீழே, இரண்டாம் மதகுக்கும் கடைமடைக்கும் நடுவில், ஏறக்குறைய 18 ஏக்கர் நஞ்சை. இதை எழுதக் காரணம், பக்கத்து ஊர்களிலிருந்து "நீங்க எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால் பயன்படும்.

முதல் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெளியாள் வந்துவிடுவான், ஊர்க் கட்டுப்பாடு போய்விடும், நிலத்தின் விலை ஏறி நம் பிள்ளைகள் ஒரு மனைகூட வாங்க முடியாது, விவசாயம் அழிந்துவிடும் என்றெல்லாம் பேச்சு ஓடியது. இதில் சிலவற்றில் நியாயம் உண்டு, சிலவற்றில் இல்லை. வெளியாள் வரக் கூடாது என்ற பேச்சு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் யாரோ ஒருவருடைய ஊரில் வெளியாளாகத்தான் வாடகைக்கு இருக்கிறார்கள்.

பேச்சைத் திருப்பியது எங்கள் ஊர் நீர்க்கட்டிப் பெரியவர். மதகு திறப்பது, மடை மாற்றுவது, யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை விடுவது எல்லாம் பல காலம் அவர் கையில்தான் இருந்தது. "வீடு கட்டக் கூடாதுன்னு சொன்னா உன்னை எவனும் கேக்க மாட்டான். வாய்க்கா எங்க போவும், தண்ணி எங்க போவும்னு கேளு. அதுக்கு அவன் பதில் சொல்லியாவணும்" என்றார். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல ஆலோசனையை எந்த வக்கீலும் எங்களுக்குச் சொல்லவில்லை. பட்டாதாரர் தன் நிலத்தை விற்பதைச் சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. அந்த நிலத்தின் வழியாகப் போகும் தண்ணீர் அவருடையது மட்டும் இல்லை. எங்கள் ஆட்சேபம் முழுவதையும் இந்த ஒரு இடத்தில் நிறுத்தினோம்.

சரி, தண்ணீர் போகிறது என்று வாயால் சொன்னால் போதுமா? காகிதத்தில் இருக்க வேண்டும். கிராம வரைபடம், அ-பதிவேடு (எந்தச் சர்வே எண் யார் பெயரில், என்ன வகை நிலம் என்ற கணக்கு), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கணக்கு), ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிய புலப்படம் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) இவை நான்கையும் எடுத்தோம். பட்டாவும் அ-பதிவேடும் தமிழக அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம், புலப்படமும் இப்போது அதிலேயே கிடைக்கிறது. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு நிலம் போயிருக்கிறது, யாருக்குப் பவர் கொடுத்திருக்கிறார்கள் என்பது வந்துவிடும். இதையெல்லாம் செய்துகொடுத்தது கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஊர்ப் பெரியவர்கள் இடத்தைக் காட்ட, இவர்கள் எண்ணைத் தேட, அப்படித்தான் வேலை நடந்தது.

அதில் ஒன்று தெரிந்தது. மதகிலிருந்து வரும் வாய்க்கால் முதல் பாதியில் தனி சர்வே எண்ணில், வாய்க்கால் புறம்போக்கு என்றே பதிவாகியிருந்தது. அதற்கப்புறம் பட்டா நிலத்துக்குள் நுழைந்ததும் அதற்குத் தனி எண் கிடையாது. காலங்காலமாகத் தண்ணீர் ஓடுகிறது, எல்லாரும் மாமூலாக அனுபவிக்கிறார்கள், பதிவேட்டில் மட்டும் அது ஒருவருடைய கழனி. இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள நிலைமை இல்லை, ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் சர்வசாதாரணம். லேஅவுட் போடுகிறவர்கள் புறம்போக்கு வாய்க்காலைத் தொடப் பயப்படுவார்கள், பட்டாவுக்குள் இருக்கும் வாய்க்காலை மூடிவிட்டு "என் நிலம்" என்பார்கள். அதைத் தடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக அனுபவித்துவந்த நீர்ப்போக்கும் வழியும் உரிமையாகவே ஆகிவிடும். ஆனால் அனுபவித்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும். பழைய கிரயப் பத்திரங்கள் இங்கேதான் கைகொடுத்தன. நான்கெல்லை எழுதும்போது "வாய்க்காலுக்கு மேற்கு" என்றும், "வாய்க்கால் பாத்தியதை உள்பட" என்றும் அந்தக் காலத்து எழுத்தர்கள் எழுதிவைத்திருந்தார்கள். பெட்டியில் கிடக்கும் பத்திரங்களை எடுத்து வாசிக்கச் சொன்னபோது பலருக்கும் அது புதிதாக இருந்தது.

அடங்கலை அவசியம் பாருங்கள். நெல் வைத்த வருடத்துக்கும் அதில் "தரிசு" என்று இருக்கக்கூடும். நாலைந்து வருடம் தொடர்ந்து தரிசு என்று ஏறிவிட்டால், "சாகுபடி இல்லாத நிலம்தானே" என்று மனையாக மாற்றப் பரிந்துரைப்பது சுலபமாகிவிடும். ஜமாபந்தி ஆண்டுதோறும் நடக்கிறது, கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வதற்காகவே நடப்பது அது. அங்கே மனு கொடுத்துத் திருத்தலாம். எங்களுக்குத் தெரிந்த பலர் ஜமாபந்தியை முதியோர் உதவித்தொகை மனு கொடுக்கும் இடம் என்று மட்டுமே நினைத்திருந்தார்கள்.

அடுத்தது, யாரிடம் போவது? கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் என்று வழக்கமான வரிசையில் மட்டும் நின்றால் காலம் போய்விடும். லேஅவுட் அனுமதி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எதுவும் இல்லாத கிராமப் பகுதியில் விவசாய நிலத்தை மனையாக்க, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 47-அ என்ற பிரிவு இருக்கிறது. அதன்படி நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது, யார் யாரிடம் கருத்துக் கேட்பது என்பதற்கு 2017-இல் விதிகள் வந்தன. வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை ஆகியவற்றின் அறிக்கைகள் கோப்பில் சேரும். ஏரி, வாய்க்கால் பக்கத்தில் என்றால் வெள்ள அபாயம் பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். ஆக, ஆட்சேப மனுவும் இந்த எல்லா மேசைகளுக்கும் போக வேண்டும். ஒரு மேசையில் சேராவிட்டாலும் அந்த மேசையிலிருந்து "ஆட்சேபணை ஏதுமில்லை" என்ற வரி போய்விடும்.

இங்கே ஒரு விஷயம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாகக் கிடையாது. அந்தப் பெயரில் பல ஆண்டுகள் கண்மூடித்தனமாக விற்பனை நடந்துதான் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லா மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு இன்றும் அதற்குக் காவல் நிற்கிறது. அதனால் சார்பதிவாளருக்கும் சர்வே எண்களைக் குறிப்பிட்டு ஒரு மனு கொடுத்துவைத்தோம்.

மனு எழுதுவதில் நாங்கள் வைத்திருந்த முறையைச் சொல்கிறேன். ஊரே கையெழுத்துப் போட்ட ஒரே மனுவும் கொடுத்தோம். ஆனால் வேலை செய்தது வேறு. அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர் ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் பட்டா எண், தன் சர்வே எண், தன் கழனிக்குத் தண்ணீர் வரும் வழி என்று தனித்தனியாக ஒரு பக்க மனு எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினார்கள். நூறு கையெழுத்து இருந்தாலும் பொது மனு என்றால் ஒரு மனுதான். இவையோ பாதிக்கப்படும் ஆளின் மனுக்கள், ஒவ்வொன்றுக்கும் கோப்பில் பதில் எழுதியாக வேண்டும். மனுவில் கோபம் வேண்டாம், விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்ற வரியும் வேண்டாம். சர்வே எண், வாய்க்காலின் அகலம், அது அடைபட்டால் எந்தெந்தக் கழனி காயும், மழைக்கு எந்தத் தெரு மூழ்கும், இவ்வளவு இருந்தால் போதும். புலப்பட நகலில் வாய்க்காலை நீல நிறத்தில் வரைந்து இணைத்தோம். வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கழனிகள் எப்படி இருக்கும் என்று தேதியோடு எடுத்த படங்களையும் வைத்தோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 பற்றி எல்லாருக்கும் தெரியும், பயன்படுத்துகிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "ஏன் அனுமதி கொடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன சர்வே எண்கள் தொடர்பாக வந்த விண்ணப்பத்தின் நகல், உத்தேச மனைப்பிரிவு வரைபடம், வட்டாட்சியர் அறிக்கை, வேளாண்மைத் துறையின் கருத்து, நீர்வளத் துறையின் ஆய்வறிக்கை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் மட்டும் இல்லை, கோப்பையே நேரில் பார்வையிடக் கேட்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. ஒரு அலுவலகத்தில் நகல் தர இழுத்தடித்தார்கள். பார்வையிட அனுமதி கேட்டு மனு போட்டபின் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்கள். அதில் இருந்த வரைபடம்தான் எங்கள் வாதத்துக்கு உயிர் கொடுத்தது.

அந்த வரைபடத்தில் எங்கள் வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு சாலை இருந்தது. நேர்க்கோடாக, அழகாக. சாலைக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் என்று சின்னதாகக் குறித்திருந்தார்கள். தண்ணீர் போக வழி விட்டாயிற்று என்பது அவர்கள் கணக்கு.

நீர்வளத் துறையிலிருந்து பொறியாளர் களம் பார்க்க வந்த நாளை மறக்க முடியாது. முந்தின நாள் நல்ல மழை. வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. லேஅவுட் தரப்பிலிருந்து வந்தவர் குழாயின் விட்டத்தைச் சொல்லி, "இதுல தாராளமா போகும் சார்" என்றார். நீர்க்கட்டிப் பெரியவர் ஒன்றும் பேசாமல் வாய்க்காலில் இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீர். கையில் இருந்த மூங்கில் கழியால் ஒரு வளைவில் துழாவி, மேலே தூக்கினார். வைக்கோல், ஆகாயத்தாமரைத் தண்டு, கிழிந்த சாக்கு, ஒரு தென்னம்பாளை எல்லாம் சேர்ந்து ஒரு சுமை வந்தது. கரையில் போட்டார். மறுபடி துழாவினார், மறுபடி ஒரு சுமை. "வருசத்துக்கு இத்தினி வாட்டி இதை எடுக்கிறோம் சார். குழாய்க்குள்ள போச்சுன்னா எவன் எடுப்பான்?" என்று கேட்டார். பொறியாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் மட்டம் பற்றிப் பேச்சு வந்தது. நஞ்சையில் மனை போட வேண்டுமென்றால் கிராவல் கொட்டி மேடாக்கியே ஆக வேண்டும். மூன்றடி உயர்த்தினால் சுற்றியுள்ள கழனிகள் பள்ளத்தில் நிற்கும். இதுவரை அந்த 18 ஏக்கரில் பரவி நின்று மெதுவாக வடிந்த மழைத்தண்ணீர் இனிமேல் நேராகக் கீழ்த் தெருவுக்குத்தான் வரும். புலப்படத்தை பாலிதீன் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்ததால் மழைத் தூறலிலும் விரித்துக் காட்ட முடிந்தது. களப்பார்வை நாள் எப்போது என்று விடாமல் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் இல்லாமல் நடக்கும் களப்பார்வையில் வாய்க்கால் வறண்ட பள்ளமாகத்தான் பதிவாகும்.

இப்போது சொல்லப்போவது சட்டத்தைவிடக் கடினமானது.

நிலம் விற்றவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். ஒருவர் எனக்கு மாமா முறை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில், நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, அறுவடை இயந்திரத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது ஒன்றுமில்லை, முதுகுவலி வேறு. "நான் செத்தப்புறம் இதை யாரு உழுவா, சொல்லு" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவரைத் துரோகி என்று பேச எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தில் அப்படிப் பேசியவர்களை நிறுத்தினோம். விற்றவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்று ஒரு பேச்சு கிளம்பியது, அதையும் ஆரம்பத்திலேயே அணைத்தோம். மனிதர்களைத் தள்ளிவைத்து ஏரியைக் காப்பாற்றுவது எனக்கு அர்த்தமாகப் படவில்லை. நடைமுறையிலும் அது கெடுதல்தான். விற்காமல் தயங்கிக்கொண்டிருந்த மற்றவர்கள் ஊரோடு பேச்சு விட்டுப்போன கோபத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசி, குத்தகைக்கு எடுத்து உழ ஆள் பார்த்துக் கொடுத்ததில் சில குடும்பங்கள் நிலத்தை வைத்துக்கொண்டன.

அதைவிடப் பெரிய பாடம் காலனியில் கிடைத்தது. கையெழுத்து வாங்கப் போனபோது ஒரு அக்கா கேட்டார்: "உங்க கழனிக்கு ஆபத்துன்னா எங்க கையெழுத்து வேணும். நாங்க மனைப் பட்டா கேட்டு மனு கொடுத்தப்போ உங்க கையெழுத்து எங்க இருந்துச்சு?" ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும் தெரு அது. வீடே கூடாது என்று எதிர்ப்பவர்களோடு அவர்கள் ஏன் நிற்க வேண்டும்? அன்று கையெழுத்து வாங்காமல் திரும்பினோம். அடுத்து ஊரில் பேசி, கிராமசபைத் தீர்மானத்தில் இரண்டு விஷயமும் சேர்ந்தே வர வேண்டும் என்று முடிவு செய்தோம். வாய்க்கால் பாதிக்கும் மனைப்பிரிவுக்கு ஆட்சேபம், நீர்நிலை அல்லாத மேட்டு நிலத்தில் வீடில்லாத குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா. சிலர் முணுமுணுத்தார்கள், இரண்டையும் கலக்காதே என்றார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்விதான்: ஊரின் நிலத்தில் யாருக்கு என்ன பங்கு? தவிர, மழை வந்தால் முதலில் மூழ்கும் கீழ்த் தெரு காலனியை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் எங்களுக்கு முன்னால் நின்று பேசியவர் அந்த அக்காதான்.

கிராமசபை பற்றிக் கொஞ்சம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை நடக்க வேண்டும். மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைவெண் உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருக்க வேண்டும். கூட்டம் சேர்ப்பது மட்டும் போதாது. வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோய், அதைப் பதிவேட்டில் எழுதி, சபையில் உரக்க வாசித்த பின்னால்தான் கையெழுத்து என்று நில்லுங்கள். கையோடு நகல் கேளுங்கள். கிராமசபை தீர்மானம் போட்டதாலேயே அனுமதி நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை. ஆனால் சர்வே எண்ணோடும் காரணத்தோடும் உள்ள தீர்மானம் கோப்பில் ஏறிவிட்டால், அதைத் தாண்டிப் போக அதிகாரி ஒரு காரணம் எழுதியாக வேண்டும். காரணம் எழுதினால் அதை மேலே எதிர்க்கலாம்.

கோயில் திருப்பணிக்குப் பெரிய தொகை தருகிறோம் என்று தூது வந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு ஆசை, அதில் தவறு சொல்ல முடியாது, கோபுரம் விரிசல் விட்டுக் கிடக்கிறது. வந்த தூதைத் தனியாகப் பேசாமல் எல்லாரும் இருக்கும் கூட்டத்தில் வைத்துச் சொன்னோம். தருவதாகச் சொல்லும் எதையும் எழுத்தில் தாருங்கள், கிராமசபையில் வைத்து முடிவு செய்கிறோம் என்று பதில் அனுப்பினோம். எழுத்து வரவே இல்லை.

கல் நட ஆரம்பித்த அன்று இளைஞர்கள் பிடுங்கிப் போடலாம் என்று கிளம்பினார்கள். அவர்களைத் தடுத்ததுதான் இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் சிரமமான வேலை. கல்லைப் பிடுங்கினால் அத்துமீறல், சொத்துச் சேதம் என்று வழக்கு வரும். அப்புறம் பேச்சு வாய்க்காலைப் பற்றி இருக்காது, அந்தப் பிள்ளைகளின் ஜாமீனைப் பற்றித்தான் இருக்கும். வேலைக்குப் போகும் நேரத்தில் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் அது குறுக்கே நிற்கும். கோபத்தை வேறு பக்கம் திருப்பினோம். வாய்க்கால் புறம்போக்கு எண்ணுக்குள் எத்தனை கல் விழுந்திருக்கிறது என்று படம் எடுத்து, அரசு நில அளவரைக் கொண்டு அளக்கக் கேட்டு மனு போட்டோம். அளந்ததில் அந்த வரிசைக் கற்களை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் மனை பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களோடு சண்டை போட யாரையும் விடவில்லை. பாதிப் பேர் வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். மரத்தடியில் உட்கார வைத்து, மழைக்காலப் படங்களைக் காட்டினோம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான், அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகர் ஊரமைப்பு அனுமதி எண் என்ன, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தை, 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது. அந்த இரண்டு கேள்வியையும் வேனுக்குள் கேட்டவர்கள் திரும்பி வரவில்லை. நாங்கள் நிறுவனத்தைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் கூடாது. அவதூறு வழக்கு என்று ஒன்று இருக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகாமலே எங்கள் விஷயம் ஒரு இடத்துக்கு வந்தது. போக வேண்டியிருந்தால் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தோம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட, முதலில் சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு மனு கொடுத்திருக்க வேண்டும், அந்த ஒப்புகை அட்டைகள்தான் அங்கே ஆதாரம். பசுமைத் தீர்ப்பாயம் என்றால் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதி இல்லையே என்று வாதாடலாம் என்று சிலர் சொல்வார்கள். 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையில் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரிலிருந்துதான் அது ஆரம்பிக்கிறது, நகரியத் திட்டத்துக்கு 50 ஹெக்டேர். எங்கள் 18 ஏக்கர் வெறும் மனைப்பிரிவு அந்த எல்லைக்குள் வரவே வராது. அதைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொன்னதும் விட்டுவிட்டோம். நீர்நிலை, ஊர்ப் பொது நிலம் என்றால் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஏரிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே இருக்கிறது.

என்ன கிடைத்தது என்று கேட்டால், முழு வெற்றி இல்லை. நீர்வளத் துறை நிபந்தனை போட்டது. திருத்திய வரைபடத்தில் புறம்போக்கு வாய்க்கால் அதன் முழு அகலத்தோடு திறந்தவெளியாகவே வந்தது. பட்டாவுக்குள் ஓடிய பகுதிக்கும் தனியாக ஒரு பட்டை ஒதுக்கினார்கள். கடைமடையை ஒட்டிய பள்ளமான பகுதியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மேட்டுப் பக்கம் இருந்த மீதி நிலத்துக்கு அனுமதி வந்தது. ஒரு மனையும் வரக் கூடாது என்று நின்றவர்களுக்கு இது தோல்வியாகத் தெரிகிறது, அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒருபோகம் நெல் விளைந்த மண்ணில் சிவப்பு கிராவல் கொட்டியதைப் பார்த்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் கடைமடைக்கு இந்த வருடமும் தண்ணீர் வந்தது, கீழ்த் தெரு மூழ்கவில்லை. காலனிக்கு மனைப் பட்டா கேட்ட மனு இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அதற்காக நாங்கள் எல்லாரும் போய்க்கொண்டிருக்கிறோம், இப்போது எங்கள் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

லேஅவுட்டில் ஏழெட்டு வீடு எழும்பிவிட்டது. குடிவந்தவர்களில் ஒரு ஆசிரியர் இருக்கிறார், வாய்க்கால் தூர்வாரும்போது அவரும் வந்து மண்வெட்டி பிடித்தார். இப்போது புதுப் பிரச்சினை கழிவுநீர். மனைப்பிரிவுக்குள் வடிகால் போடவில்லை, இரண்டு வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நேராக வாய்க்காலுக்கு வருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் உறிஞ்சுகுழி அமைக்க வேண்டும், மனைப்பிரிவுக்கு வடிகால் கட்ட வேண்டும் என்று வருகிற கிராமசபைக்குத் தீர்மான வாசகம் எழுதிவைத்திருக்கிறோம். அந்த ஆசிரியரும் உட்கார்ந்து எழுதினார்.